ஒரு லட்சம் பிறந்த கதை

யூரின் கல்ச்சர் முடிவுத் தாளில் ஒரு வரி வரும். ஒரு பக்கம் கிருமியின் பெயர், எதிரே ஓர் எண்: மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அதன் கீழே மருந்துப் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எஸ் அல்லது ஆர். சிவகிரியில் வயல் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு இந்த வருஷத்தில் மூன்றாவது தடவையாக நீர்க்கடுப்பு வந்து, தென்காசியிலோ ராஜபாளையத்திலோ டெஸ்ட் கொடுத்துவிட்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு மருந்து உண்டா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அந்த எண்தான் முடிவு செய்கிறது. லட்சத்தைத் தாண்டினால் 'இன்ஃபெக்‌ஷன்'. தாண்டாவிட்டால், "ஒண்ணுமில்லம்மா, சூடா இருக்கும். தண்ணி நெறைய குடிங்க."

இந்த ஒரு லட்சம் யார் வைத்த கணக்கு? 1956இல் அமெரிக்காவில், பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் வைத்தது. அவர் கேட்ட கேள்வி வேறு. அதற்குக் கிடைத்த விடையை இன்றைக்கு நாம் இன்னொரு கேள்விக்கு விடையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வருகிறவர்களுக்கு நேரும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

காஸுக்கு முன்னால் தட்டின் கதையைச் சொல்லிவிட வேண்டும். கிருமியை எண்ண வேண்டுமானால் அது ஓரிடத்தில் நின்று வளர வேண்டும். பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் முதலில் ஜெலட்டின் மேல்தான் வளர்த்தார்கள். வெயில் காலத்தில் ஜெலட்டின் உருகி ஓடியது. உடம்புச் சூடான 37 டிகிரியில் நிற்கவே நிற்காது. போதாததற்குச் சில கிருமிகள் அதையே தின்று கரைத்தன. அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸி என்பவரின் மனைவி ஃபேன்னி, 1881 வாக்கில், தன் சமையலறைப் பொருள் ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். வெயிலிலும் அவர் செய்யும் ஜெல்லி உருகாமல் நிற்கக் காரணம் அதுதான். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஓர் அண்டைவீட்டுக்காரரிடம் சின்ன வயதில் கற்றுக்கொண்டது. பெயர் அகர். கடையநல்லூரிலும் புளியங்குடியிலும் நோன்பு காலத்தில் காய்ச்சி ஊற்றி வில்லை வில்லையாக வெட்டுகிற கடல்பாசி இருக்கிறதே, அதேதான். மன்னார் வளைகுடாவில் நம் மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கிற பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த கட்டுரையில் கோக் அகரைப் பற்றிச் சொன்னார். அதைச் சொல்லிக்கொடுத்த பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. உலகத்தில் இன்று எந்த ஊரில் கல்ச்சர் போட்டாலும் பெரும்பாலும் ஃபேன்னியின் கடல்பாசி மேல்தான் போடுகிறார்கள்.

தட்டு கிடைத்த பிறகும் சிறுநீர் விஷயத்தில் ஒரு சிக்கல் தீரவில்லை. சிறுநீர் கிருமிகளுக்கு நல்ல தீனி. வெளியே வரும் வழியில் தோலிலிருந்து நாலு கிருமி விழுந்தாலும் தட்டில் முளைத்துவிடும். முளைத்தது சிறுநீர்ப்பைக்குள்ளே இருந்ததா, வழியில் ஒட்டிக்கொண்டதா? இதற்கு மருத்துவர்கள் கண்ட வழி, பெண்களுக்கு டியூப் போட்டு நேராகப் பையிலிருந்து எடுப்பது. சோதனைக்காகவே குழாய் நுழைத்தார்கள். அந்தக் குழாயே வெளிக் கிருமியை உள்ளே தள்ளி, இல்லாத நோயை உண்டாக்கியது. பால் பீசன் என்ற மருத்துவர் 1958இல் இந்தக் குழாய்க்கு எதிராகவே ஒரு தலையங்கம் எழுதினார்.

காஸின் கவலையும் அதுதான். கூடவே இன்னொன்று: வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் சிறுநீரகத்துக்குள் ஓசைப்படாமல் தொற்று இருக்கிறவர்களைக் குழாய் போடாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு எத்தனை இருக்கிறது என்று எண்ணினார். சிறுநீரகத் தொற்றோடு காய்ச்சலில் படுத்தவர்களில் 100க்கு 95 பேருக்கு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அதைவிட மிகக் குறைவு. நடுவில் விழுந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த இடைவெளியில் ஓர் எல்லைக் கல் நட்டார். இந்தப் பக்கம் வழியில் ஒட்டியது, அந்தப் பக்கம் உள்ளே வளர்ந்தது. நோய் எதுவும் சொல்லாத பெண்களிலும் ஏறக்குறைய 100க்கு 6 பேர் அந்தப் பக்கம் இருந்தார்கள். ஒரு தடவை பார்த்து லட்சம் வந்தால் 80 சதவீதம்தான் நம்பலாம், மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் கணக்கிலேயே இருந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லைக் கல்லை எடுத்துக்கொண்டார்கள், அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

காஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் தயவால்தான் இன்றைக்கு ஒரு சின்ன டப்பாவில் நாமே பிடித்துக் கொடுத்தால் போதும் என்றானது. கோடிக்கணக்கான பெண்கள் குழாயிலிருந்து தப்பினார்கள். கர்ப்பிணிகளுக்கு இப்படி ஓசைப்படாமல் இருக்கும் கிருமி பிரசவத்துக்குள் சிறுநீரகக் காய்ச்சலாக மாறக்கூடும், முன்னாலேயே மருந்து கொடுத்தால் தடுக்கலாம் என்று காட்டியவரும் அவர்தான்.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். லேபில் ஒரு கம்பி வளையத்தைச் சிறுநீரில் முக்கி எடுக்கிறார்கள். அதில் நிற்பது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தட்டில் இழுத்துவிட்டு ஓர் இரவு 37 டிகிரியில் வைக்கிறார்கள். காலையில் முளைத்திருக்கும் புள்ளிகளை எண்ணி ஆயிரத்தால் பெருக்குகிறார்கள். 100 புள்ளி என்றால் ஒரு லட்சம். அவ்வளவுதான் கணக்கு. அந்த வளையம் முங்குவதற்கு முன்னால் டப்பா எங்கே இருந்தது என்பது தாளில் வராது.

நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமாகும் ஈ-கோலி கிருமி, உடம்புச் சூட்டில் நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிஷத்தில் இரட்டிக்கும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள். காலையில் டப்பாவில் மில்லிக்கு 200 கிருமி விழுந்தது, தோலிலிருந்து வந்த சில்லறை. மணிக்கு மூன்று தடவை இரட்டிப்பு, மூன்று மணி நேரத்தில் ஒன்பது தடவை. 200 என்பது 1,02,400 ஆகிவிடும். நிஜத்தில் இவ்வளவு வேகமாக நடக்காது, கிருமி சுதாரித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும், சிறுநீரில் இரட்டிப்பும் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் சித்திரை வெயிலில், சிவகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் எல்லாம் தாண்டித் தென்காசி போய்ச் சேர்கிற டப்பாவில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கக் கணக்கு வாத்தியார் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் போட வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைக்க வேண்டும், அதுவும் ஒரு நாள்தான் என்பது பொது விதி. போரிக் அமிலம் போட்ட டப்பாவில் கிருமி பெருகாமல் ஒரு நாள் நிற்கும். நம் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு அந்த டப்பாதான் வேண்டும். இங்கே யாரும் கேட்பதில்லை.

சரி, டப்பா ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, எண்ணும் சரியாக வந்தது, லட்சத்துக்குக் கீழே. எரிச்சல் மட்டும் நிற்கவில்லை. இப்படிப்பட்ட பெண்களை என்ன செய்வது என்று தெரியாமல் 1960களில் மேல்நாட்டு மருத்துவர்கள் அதற்கு ஒரு தனிப் பெயரே வைத்தார்கள். மனசில்தான் கோளாறு என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. 1982இல் சியாட்டில் நகரத்தில் வால்டர் ஸ்டாம் என்ற மருத்துவரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் எரிச்சலோடு வந்த பெண்களின் பையிலிருந்தே நேராகச் சிறுநீர் எடுத்துப் பார்த்தார்கள். பைக்குள் ஈ-கோலி வகைக் கிருமி உறுதியாக இருந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, அவர்களே பிடித்துக் கொடுத்த டப்பாவில் ஒரு லட்சம் எட்டவில்லை. எரிச்சல் இருக்கிற பெண்ணுக்கு 100 இருந்தாலே நோய்தான் என்பது ஸ்டாமின் முடிவு.

லட்சம் எங்கே, நூறு எங்கே! ஆயிரம் மடங்கு வித்தியாசம். காஸ் அறிகுறி இல்லாதவர்களிடம் தேடியவர். எரிகிறது என்று சொல்லி வருகிறவளிடம் அவருடைய கல்லைக் கொண்டுபோய் நட்டது நம் தவறு. அந்தத் தவறைத் திருத்துவதிலும் ஒரு நடைமுறைச் சிக்கல். மில்லிக்கு 100 கிருமி இருந்தால், ஆயிரத்தில் ஒரு பங்கு எடுக்கும் வளையத்தில் ஒன்றுகூட ஏறாமல் போகலாம். தட்டு வெறுமையாக இருக்கும். தாளில் 'வளர்ச்சி இல்லை' என்று வரும். மருத்துவர் சந்தேகத்தைச் சீட்டில் எழுதி அனுப்பினால் லேபில் பெரிய வளையம் எடுப்பார்கள்.

வளர்ச்சி இல்லை என்று வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றிலும் சாதாரணமானது: டெஸ்டுக்கு முந்தைய நாள் மெடிக்கலில் போய், "ஒண்ணுக்குப் போனா எரியுதுண்ணே" என்று சொல்லி வாங்கிப் போட்ட இரண்டு மாத்திரை. பைக்குள் கிருமி சாகவில்லை, ஆனால் தட்டில் முளைக்கும் தெம்பு போய்விட்டது. இன்னொன்றை நம் நாட்டில் மறக்கவே கூடாது. சீழ் செல்கள் நிறைய இருக்கின்றன, கல்ச்சரில் மட்டும் தடவைக்குத் தடவை ஒன்றும் வளரவில்லை என்றால், சிறுநீரகக் காசநோயைப் பற்றி யோசிக்க வேண்டும். காசநோய்க் கிருமி ஓர் இரவில் முளைக்கிற ஜாதி இல்லை. அதற்கு வாரக்கணக்கு. அதற்கான டெஸ்டைத் தனியாகக் கேட்டால்தான் செய்வார்கள்.

எதிர்ப் பக்கத்துத் தவறு இதைவிட மோசம் என்று எனக்குத் தோன்றுகிறது. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, மாஸ்டர் செக்கப்பில் லட்சம் வந்துவிட்டது. வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் இது சகஜம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களும் தவிர மற்றவர்களுக்கு இதற்கு மருந்து வேண்டியதில்லை. திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்களிலேயே, தொந்தரவு இல்லாத நேரத்தில் கிருமியைக் கொல்ல மருந்து கொடுத்துப் பார்த்தார்கள் இத்தாலியில். 2012இல் வெளியான முடிவு: மருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் மறுபடி தொற்று அதிகமாக வந்தது. சண்டை போடாமல் குடியிருந்த கிருமியை விரட்டிவிட்டு, சண்டைக்காரனுக்கு இடம் விட்டுக்கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது ஒரு வருஷத்தில் மூன்று தடவை வந்தால் அதைத் 'திரும்ப வரும் தொற்று' என்று கணக்கில் எடுப்பார்கள். ஏன் திரும்புகிறது? பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் நாலு சென்டிமீட்டர்தான். குடலில் இருக்கும் ஈ-கோலிக்கு அது ஒரு தூரமே இல்லை. சிலரிடம் கிருமி பையின் சுவர்ச் செல்களுக்குள்ளேயே புகுந்து கூட்டமாகப் பதுங்குகிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளிடம் இதை 2003இல் படம் பிடித்துக் காட்டினார்கள். கல்லோ, முழுதாக வெளியேறாமல் தேங்கும் சிறுநீரோ, கட்டுப்படாத சர்க்கரையோ இருந்தாலும் திரும்பும். அதனால்தான் ஸ்கேனும் சுகர் டெஸ்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு தடவை வந்தாலே காரணம் தேட வேண்டும்.

தண்ணீர் குடி என்ற அறிவுரைக்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறது. பல்கேரியாவில் குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பழக்கமுள்ள, அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களில் பாதிப்பேரை நாளைக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். வருஷத்துக்குச் சராசரி 3.2 தடவை வந்தது மற்றவர்களுக்கு, குடித்தவர்களுக்கு 1.7. இது 2018இல் வந்த முடிவு. நம் வீடுகளில் இளநீரும் மோரும் பார்லிக் கஞ்சியும் நெருஞ்சிமுள் கஷாயமும் கொடுத்ததில் எதில் எவ்வளவு மருந்து என்பது வேறு கதை, தண்ணீர் உள்ளே போனது நிச்சயம். ஆனால் நாற்று நடுகிறவளுக்கும் களையெடுக்கிறவளுக்கும் சொல்லும்போது யோசித்துச் சொல்ல வேண்டும். ஒதுங்க இடமில்லை என்பதால்தான் அவள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். வயக்காட்டுக்கு அந்தத் திருத்தம் எட்டாது.

மாதவிடாய் நின்றவர்களுக்கு ஒரு நல்ல வழி 1993 முதலே தெரியும். ஈஸ்ட்ரோஜன் கிரீமைப் பிறப்புறுப்பில் உள்ளே தடவியவர்களுக்கு வருஷத்துக்குச் சராசரி அரைத் தடவைதான் வந்தது, மருந்தில்லாத கிரீம் தடவியவர்களுக்கு ஏறக்குறைய ஆறு தடவை. அந்த ஆய்வை எழுதிய இருவரில் ஒருவர் நம் சியாட்டில் ஸ்டாம்தான். முப்பது வருஷம் கழித்தும் நம் ஊர்ப் பெண்களிடம் இதைச் சொல்ல மருத்துவர்கள் கூச்சப்படுகிறார்கள், கேட்கப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். ஆன்டிபயாடிக் எழுதுவதில் மட்டும் யாருக்கும் கூச்சமில்லை.

ஆன்டிபயாடிக் இல்லாமல் தடுக்க இன்னொரு பழைய மருந்தும் திரும்பி வந்திருக்கிறது. 1890களில் ஜெர்மனியில் ஆர்தர் நிக்கோலையர் சிறுநீர்க் கிருமிக்குக் கொடுத்துப் பார்த்த ஹெக்ஸமின். புளிப்பான சிறுநீரில் அது உடைந்து ஃபார்மலின் ஜாதிப் பொருளாகிக் கிருமியைக் கொல்கிறது. இதை எதிர்த்து நிற்கக் கிருமி இன்னும் பெரிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. பெனிசிலின் காலத்தில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். 2022இல் பிரிட்டனில் 240 பெண்களிடம் பார்த்தபோது, தினமும் கொஞ்சமாக ஆன்டிபயாடிக் சாப்பிடுவதற்கு இது பெரிதாகக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. கடைகளில் கிராக்கியாக விற்கிற டி-மானோஸ் சர்க்கரைப் பொடியோ, 2024இல் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையில் வெறும் சர்க்கரைக்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

ஆன்டிபயாடிக் தேவைப்படும்போது எது என்பதைத் தாளின் கீழ்ப்பாதி சொல்லும். எஸ் என்றால் மருந்துக்குக் கிருமி சாகும், ஆர் என்றால் சாகாது. 1953 முதல் இருக்கிற நைட்ரோபியூரன்டாயினுக்கு நம் நாட்டு ஈ-கோலி இன்றும் பெரும்பாலும் பணிகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகைக்குப் பெரும்பாலும் பணிவதில்லை. ஆனாலும் சிப்ரோ பெயரைச் சொல்லி மெடிக்கலில் கேட்டு வாங்குகிற பழக்கம் நம்மிடம் போகவில்லை. அதற்கு நாம் கொடுத்த விலைக்கும் சிறுநீரோடு சம்பந்தம் உண்டு. கடைசிக் கட்ட மருந்துகளையே உடைக்கிற என்.டி.எம்-1 என்ற நொதி முதலில் பிடிபட்டது, டெல்லி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், 2008இல். சென்னையில் உட்பட அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் எழுதியவர்களில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடி, இந்த மருந்து எதிர்ப்பைத் தடுக்கச் சென்னைப் பிரகடனம் வெளியிட்டன. 2014 மார்ச்சில் எச்-1 அட்டவணை வந்தது. அதில் உள்ள மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் யாருக்கு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுகிற கடைகளும் இருக்கின்றன.

திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை எரிச்சல் தொடங்கியதும், முதல் மாத்திரைக்கு முன்னால் கல்ச்சருக்குக் கொடுங்கள். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். முடிந்தவரை லேபுக்கே போய்ப் பிடியுங்கள், வீட்டிலிருந்து கொண்டுபோனால் ஐஸ் வைத்துக் கொண்டுபோங்கள். எண் லட்சத்தைத் தொடவில்லை என்றாலும் எரிகிறது என்பதை மருத்துவரிடம் விடாமல் சொல்லுங்கள். பழைய தாள்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு வையுங்கள், போன தடவை எந்தக் கிருமி, எதற்கு ஆர் என்பது அடுத்த தடவை வேண்டும். குளிர் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, கர்ப்பம் - இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்கோ, திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.